26-ஆம் நாள் ஸ்லைடு

எங்கள் லேபில் திசுப் பிரிவு காலை எட்டரைக்குத் தொடங்கும். முந்தின நாள் வந்த ஃபார்மலின் டப்பாக்களை எடுத்து, கூட வந்த படிவத்தோடு பெயரையும் எண்ணையும் ஒத்துப் பார்த்து ரிஜிஸ்டரில் ஏற்றுவதில்தான் என் நாள் ஆரம்பிக்கும். கண்ணை எரிக்கும் அந்த வாடை 17 வருஷத்தில் பழகிவிட்டது. இன்னும் பழகாதது, எங்கள் சீனியர் டாக்டர் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்கும் ஒரு கேள்வி. "தேதி எங்கம்மா?"

அந்தப் பெண்ணுக்குக் கடைசியாக மாதவிடாய் தொடங்கிய தேதியைத்தான் கேட்கிறார். கருப்பையின் உட்சுவரான எண்டோமெட்ரியத்திலிருந்து எடுத்த திசு என்றால், படிவத்தில் அந்தக் கட்டம் நிரம்பியிருக்க வேண்டும். பல நாள் காலியாக வரும். நான் வார்டுக்குப் போன் செய்து, யாரையாவது பிடித்து, கேட்டு எழுதுவேன்.

ஈரலில் எடுத்த துண்டுக்கு யாரும் இப்படி நாள் கேட்பதில்லை. போன வாரம் எடுத்தாலும் இந்த வாரம் எடுத்தாலும் ஈரல் ஈரல்தான். எண்டோமெட்ரியம் நாளுக்கு நாள் ஆள் மாறும். நாய்ஸ், ஹெர்டிக், ராக் என்ற மூன்று பேர் 1950-இல் இதை ஒரு காலண்டர் போலவே எழுதி வைத்தார்கள். 28 நாள் சுழற்சியில் 17-ஆம் நாள் சுரப்பிச் செல்களின் உட்கருவுக்குக் கீழே வெற்றிடம் போல ஒரு குமிழ் தெரியும். 22-ஆம் நாள் திசு நீர்கோத்து உப்பியிருக்கும். 23-ஆம் நாள் சுருள் தமனிகளைச் சுற்றியுள்ள செல்கள் பருக்கத் தொடங்கும். கடைசி சில நாட்களில் வெள்ளணுக்கள் வந்து நிறையும். இப்படிப் போகும் அந்தக் கணக்கு. கருத்தரிப்புக்கு இதை வைத்து நாள் குறிப்பது அவ்வளவு நம்பகமில்லை என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் தேதி தெரியாமல் எண்டோமெட்ரியத்தைப் படிக்க முடியாது என்ற பாடம் அப்படியே நிற்கிறது.

அந்த "வெள்ளணுக்கள் வந்து நிறையும்" என்ற வரியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். யார் கூப்பிட்டு வருகின்றன, எதற்கு வருகின்றன என்று எனக்குத் தெரியாமல் இருந்த காலத்தில் ரொம்ப அழுதிருக்கிறேன்.

எனக்கு இரண்டாவது கருவும் பத்தாவது வாரத்தில் நின்றுபோனது. ஒரு டாக்டரிடம் போனோம். கையில் ரத்தம் எடுத்து ஒரு பரிசோதனைக்கு அனுப்பினார். ரிப்போர்ட்டில் என்.கே. செல்கள் 18 சதவீதம் என்று தடித்த எழுத்தில் இருந்தது, பக்கத்தில் மேல்நோக்கிய ஓர் அம்புக்குறி. என்.கே. என்றால் 'நேச்சுரல் கில்லர்', இயற்கைக் கொல்லி; நோயெதிர்ப்பு வேலை செய்யும் வெள்ளணுக்களில் ஒரு வகை. டாக்டர் சொன்னார்: "வேலியே பயிரை மேயுற மாதிரிம்மா. உங்க உடம்பு கருவை எதிரின்னு நினைச்சு அழிக்குது." ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஐந்து மாதம் விழுங்கினேன். முகம் ஊதியது, தூக்கம் போனது. அதைவிடப் பெரிய வாதை அந்த வேலியும் பயிரும். ராத்திரி வயிற்றின்மேல் கை வைத்துப் படுத்திருப்பேன். உள்ளே இருப்பது என்ன, நானா, கொலைகாரியா என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் லேபில் வேலை செய்கிறவள். அந்தச் செல்களை தினமும் வெட்டி, சாயம் ஏற்றி, கண்ணாடிக்கு அடியில் வைப்பவள். எனக்கே அந்தக் கதி என்றால் மற்ற பெண்களின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன்.

பிற்பாடு நான் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மாதத்தின் முன்பாதி. மாதவிடாய் தொடங்கியதிலிருந்து கருமுட்டை வெளிவரும் வரை சினைப்பையில் வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கிறது. உதிர்ந்துபோன உட்சுவரை மறுபடி எழுப்புவது இதன் வேலை. சுரப்பிகள் நீள்கின்றன, இரத்தக்குழாய்கள் கூடவே வளர்கின்றன. இந்தக் கட்டத்து ஸ்லைடில் எதிர்ப்புச் செல்கள் குறைவாகத்தான் தெரியும்: அங்கங்கே மேக்ரோஃபேஜ், கொஞ்சம் டி செல்கள், சில என்.கே. செல்கள். ஆனால் இருக்கிறவை விழிப்போடு இருக்கின்றன. உட்சுவரின் டி செல்களுக்கு வேற்றுச் செல்லைக் கொல்லும் திறன் இந்தப் பாதியில் நன்றாக உண்டு; பின்பாதியில் அது அடங்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டை அமெரிக்காவின் டார்ட்மவுத்தில் சார்லஸ் வைராவின் குழு 1990-களில் காட்டியது. மாதவிடாய் நின்ற பெண்களில் அந்தத் திறன் அடங்காமலே இருப்பதையும் அவர்கள் பார்த்தார்கள். ஏறி இறங்கும் ஹார்மோன்தான் அதை ஆட்டி வைக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் வேண்டாம். அதே காலத்தில் இரத்தத்தில் இன்னொன்று நடக்கிறது. சண்டையை அடக்கி வைக்கும் ரெகுலேட்டரி டி செல்கள் முன்பாதியில் ஈஸ்ட்ரோஜனோடு சேர்ந்து ஏறி, முட்டை வெளிவரும் சமயத்தை ஒட்டி உச்சத்துக்குப் போகின்றன. கரு வரலாம் என்று உடம்பு முன்கூட்டியே ஆள் சேர்ப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

கருமுட்டை வெளிவந்ததும் காலியான முட்டைப்பை மஞ்சள் நிறமாகி, கார்ப்பஸ் லூட்டியம் என்ற தற்காலிகச் சுரப்பியாகிறது. ஆயுள் ஏறக்குறைய இரண்டு வாரம். அது சுரப்பது புரோஜெஸ்டிரோன். ஜார்ஜ் கார்னரும் வில்லர்ட் ஆலனும் 1929-இல் முயல்களில் காட்டியது இன்றும் வியக்க வைக்கும். கருவுற்ற முயலின் சினைப்பையை எடுத்துவிட்டால் கரு நிற்காது. கார்ப்பஸ் லூட்டியத்திலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்தால் நிற்கும். கர்ப்பத்தைத் தாங்குவது என்று பெயரிலேயே இருக்கும் ஹார்மோன் இது.

இந்த ஹார்மோன் உட்சுவருக்கு வந்ததும் முதலில் மாறுவது ஸ்ட்ரோமா செல்கள். சுரப்பிகளுக்கு இடையே கதிர் போல மெலிந்து கிடந்தவை, சதைப்பிடித்து, உருண்டு, சர்க்கரைப் பொருளைச் சேர்த்து வைத்துக்கொண்டு 'டெசிடுவா' செல்களாகின்றன. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு உதிர்வது என்று பொருள். எலியில் கரு வந்து தொட்டால்தான் இந்த மாற்றம் தொடங்கும். மனிதரில் கரு வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் நடக்கிறது. அதனால்தான் நமக்கு மாதவிடாய் வருகிறது, எலிக்கு வருவதில்லை. (விதிவிலக்காக ஒரு முள் எலிக்கு மாதவிடாய் உண்டு என்று 2017-இல் தெரிய வந்தது. சில வௌவால்களுக்கும் உண்டு.)

டெசிடுவா மாற்றத்தோடு கூடவே என்.கே. செல்கள் பெருகுகின்றன. முன்பாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவை மாதக் கடைசியில் உட்சுவரில் உள்ள வெள்ளணுக்களில் பெரும்பகுதியாகிவிடும். கரு தங்கிவிட்டால் இன்னும் ஏறி, முதல் மூன்று மாதத்தில் டெசிடுவாவில் உள்ள வெள்ளணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். பிறகு மெல்லக் குறைந்து, பிரசவ நேரத்தில் கொஞ்சம்தான் மிஞ்சும்.

புரோஜெஸ்டிரோன் ஏற ஏற இவையும் ஏறுகின்றன. அப்படியென்றால் இந்தச் செல்களுக்குள் அந்த ஹார்மோனின் சேதியைப் பிடிக்கும் புரதம், புரோஜெஸ்டிரோன் ஏற்பி, இருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். எடின்பரோவிலும் கேம்பிரிட்ஜிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து 2003-இல் தேடினார்கள். இல்லை. ஈஸ்ட்ரோஜனுக்கான பீட்டா வகை ஏற்பி இருந்தது, கார்ட்டிசோலுக்கான ஏற்பி இருந்தது. புரோஜெஸ்டிரோனுக்கு மட்டும் இல்லை. எந்த ஹார்மோனின் பின்னால் ஓடி வருகின்றனவோ அந்த ஹார்மோன் பேசுவது இவற்றின் காதில் விழாது!

பின்னே எப்படி வருகின்றன? பக்கத்து வீட்டுக்காரர் மூலம் சேதி கிடைக்கிறது. ஏற்பி உள்ளது ஸ்ட்ரோமா செல்லில். புரோஜெஸ்டிரோன் அதனிடம் பேசுகிறது. அது உருமாறி, இன்டர்லூக்கின்-15 என்ற புரதத்தைச் சுரக்கிறது. என்.கே. செல்கள் பிழைப்பதற்கும் பெருகுவதற்கும் முதிர்வதற்கும் அந்தப் புரதம் தேவை. கூடவே செல்களைக் கூப்பிட்டு இழுக்கும் கீமோகைன்களும் சுரக்கின்றன. இன்டர்லூக்கின்-15 மரபணுவை நீக்கிய எலிகளில் கருப்பையின் என்.கே. செல்களே இல்லாமல் போகின்றன. என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு விஷயம் போதும், "புரோஜெஸ்டிரோன் எதிர்ப்புச் சக்தியை அமுக்குகிறது" என்ற வழக்கமான விளக்கத்தைத் திருத்துவதற்கு. அமுக்குகிறவர் எதற்காக இத்தனை எதிர்ப்புச் செல்களுக்கு ஆள் அனுப்பி, சாப்பாடு போட்டு, இடமும் ஒதுக்கி வைக்கிறார்?

இந்தச் செல்களுக்கு முதலில் இருந்த பெயர் வேறு. ஜெர்மன் நோய்க்கூறியலாளர்கள் ஹாம்பர்லும் ஹெல்வெக்கும் 1950-களில் இவற்றை விவரித்தபோது, உள்ளே மணிமணியாக இருந்ததால் குருணைச் செல்கள் என்ற பொருளில் அழைத்தார்கள். ஸ்ட்ரோமா செல்லின் ஒரு வகை என்றே வெகுநாள் நினைத்திருந்தார்கள். இயற்கைக் கொல்லி என்ற பெயர் 1975-இல், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், எலியின் மண்ணீரல் செல்கள் புற்றுச் செல்களை முன்பயிற்சி இல்லாமலே கொன்றதைப் பார்த்து வைத்தது. அது கருப்பையைப் பார்த்து வைத்த பெயரே அல்ல. 1980-களில் கருப்பையின் குருணைச் செல்களும் அதே குடும்பம் என்று தெரிந்ததும், குடும்பப் பெயர் இவற்றின் தலையிலும் ஏறியது. குருணைச் செல் என்ற பெயரே நீடித்திருந்தால் அன்று அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நான் நடுங்கியிருக்க மாட்டேன்.

இரத்தத்தில் ஓடும் என்.கே. செல்களில் பத்தில் ஒன்பது பங்கு, சிடி16 என்ற அடையாளம் உள்ளவை, கொல்வதில் கைதேர்ந்தவை. கருப்பையில் உள்ளவற்றில் சிடி56 பளிச்சென்று இருக்கும், சிடி16 இருக்காது. கொல்லும் குருணைகள் உள்ளே இருந்தும் அந்த வேலையை அரிதாகத்தான் செய்கின்றன. குடும்பம் ஒன்று, பெயர் ஒன்று, தொழில் வேறு. என் கையில் எடுத்த ரத்தத்தில் 18 சதவீதம் என்பது என் கருப்பையில் என்ன இருந்தது என்பதைச் சொல்லவே சொல்லாது. அந்த ரிப்போர்ட்டைக் கொடுத்தவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கலாம்.

எனக்கு இது கண்ணால் தெரிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு பேரின் திசுவுக்கு ஒரே நாளில் சிடி56 சாயம் ஏற்ற வேண்டியிருந்தது. பாரஃபின் பிளாக்கை மைக்ரோடோமில் பூட்டி, 4 மைக்ரான் கனத்தில் வெட்டினேன். ரிப்பன் சுருங்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் விரிந்தது. ஸ்லைடில் ஏந்தி, காயவைத்து, மெழுகு நீக்கி, ஆன்டிபாடி வைத்துச் சாயம் ஏற்றினேன். சிடி56 இருக்கிற செல் பழுப்பாகத் தெரியும், மற்ற உட்கருக்கள் வெளிர் நீலமாக நிற்கும்.

எங்கள் சீனியர் டாக்டர் மேடத்தின் மைக்ரோஸ்கோப்பில் எதிரே இன்னொருவர் பார்க்க இரண்டாவது கண்குழல் உண்டு. "உக்காரும்மா, பாரு" என்றார். முதல் ஸ்லைடு 8-ஆம் நாள். நீலப் பரப்பு. ஒரு பார்வைப் புலத்துக்கு மூன்று, நான்கு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான். அடுத்ததை வைத்தார், 26-ஆம் நாள். சுருள் தமனி ஒன்று குறுக்கே வெட்டுப்பட்டு நான்கைந்து வட்டமாகத் தெரிந்தது, ஒரே குழாய் வளைந்து வளைந்து போவதால் அப்படி. ஒவ்வொரு வட்டத்தையும் சுற்றிப் பருத்த டெசிடுவா செல்கள். அவற்றின் இடுக்குகளில் எல்லாம் பழுப்பு. சிறிய, உருண்டையான, ஓரம் அழுத்தமாகச் சாயமேறிய செல்கள். குழாய்களை நெருங்க நெருங்க மொய்த்திருந்தன.

"இவ்வளவு இருந்தா பயமில்லையா மேடம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது.

"26-ஆம் நாள்ல இது இல்லைன்னாதான் நான் யோசிப்பேன்" என்றார்.

அவருக்கு என் ரிப்போர்ட்டைப் பற்றித் தெரியாது. நான் கண்குழலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பழுப்புப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமனியைச் சுற்றி ஏன் மொய்க்கின்றன? அங்கேதான் அவற்றின் வேலை இருக்கிறது. கரு வளர வேண்டுமென்றால் தாயின் சுருள் தமனிகள் தம் தசைச் சுவரை இழந்து, அகன்று, தளர்ந்து, இரத்தத்தைத் தாராளமாக விட வேண்டும். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் உள்ளே ஊடுருவி இந்த மராமத்தைச் செய்கின்றன. அவை வந்து சேரும் முன்பே என்.கே. செல்களும் மேக்ரோஃபேஜ்களும் தமனிச் சுவரைத் தளர்த்தத் தொடங்கிவிடுகின்றன. கனடாவில் ஆன் கிராய் தன் குழுவோடு, என்.கே. செல்கள் இல்லாத எலிகளை வைத்துப் பார்த்தார். அவற்றின் கருப்பைத் தமனிகள் அகலவே இல்லை. என்.கே. செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமாவைக் கொடுத்ததும் அகன்றன. அழிக்கும் ஆயுதமாக நாம் படித்த அந்த இன்டர்ஃபெரான் இங்கே கொத்தனார் கையில் உளி.

மனிதரில் கிடைத்த சான்று என்னை இன்னும் உலுக்கியது. என்.கே. செல்லின் மேல் கிர் எனப்படும் ஏற்பிகள் உண்டு. சில அதைத் தூண்டும், சில அடக்கும். அவை கருவின் செல்லில் உள்ள எச்.எல்.ஏ.-சி என்ற அடையாளத்தைத் தொட்டுப் பார்க்கின்றன. அதில் பாதி தந்தையிடமிருந்து வந்தது. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மோஃபெட்டின் குழு 2004-இல் கண்டது இது: தாயிடம் தூண்டும் ஏற்பிகள் பெரும்பாலும் இல்லாமல், கருவிடம் சி2 வகை அடையாளம் இருந்தால், கர்ப்பகால இரத்தக் கொதிப்பான ப்ரீ-எக்லாம்ப்சியா வரும் வாய்ப்பு கூடுகிறது. அதாவது செல்கள் அளவுக்கு மீறி அடக்கப்பட்டால் தமனி சரியாக அகலாமல் தொல்லை வருகிறது. அவை துடிப்போடு இருப்பது கருவுக்கு நல்லது. வேலி மேய்ந்த கதையை எனக்குச் சொன்னவர் நேர் எதிர்த் திசையில் நின்றிருக்கிறார்.

பீட்டர் மெடவார் 1953-இல் ஒரு கேள்வி கேட்டார். பாதி அந்நியமான கருவைத் தாயின் உடம்பு ஏன் வேற்று உறுப்பைப் போலத் தள்ளிவிடுவதில்லை? பதிலாக மூன்று சாத்தியங்களை முன்வைத்தார். இருவரையும் பிரிக்கும் சுவர் இருக்கலாம், கருவின் அடையாளங்கள் முதிராமல் இருக்கலாம், தாயின் எதிர்ப்பு மந்தமாக இருக்கலாம். மூன்றிலுமே தாயின் எதிர்ப்புச் செல்கள் ஒதுங்கி நிற்கின்றன, அல்லது ஒதுக்கப்படுகின்றன. பெரிய மூளை, பெரிய கேள்வி, மதிக்கிறேன். ஆனால் கேள்வியே உறுப்பு மாற்று சிகிச்சையின் அறையிலிருந்து வந்தது. பிற்பாடு வந்த நோயெதிர்ப்பு விளக்கங்கள் பலவும் அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை. 2018-இல் சுமார் 70,000 செல்களை ஒவ்வொன்றாகப் படித்து, தாயும் கருவும் சந்திக்கும் இடத்தின் வரைபடத்தை வெளியிட்டார்கள். அதில் டெசிடுவாவின் என்.கே. செல்கள் மட்டுமே மூன்று வகை. தாயின் செல்லும் கருவின் செல்லும் ஏற்பிகள் மூலம் ஓயாமல் பேசிக்கொள்கிற இடம் அது.

வேறொரு வேலையும் உண்டு. டெசிடுவா மாற்றத்தின்போது சில ஸ்ட்ரோமா செல்கள் கிழடுதட்டிப் போகின்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்து அகற்றுவதும் இந்த என்.கே. செல்கள்தான் என்று 2017-இல் இங்கிலாந்தின் வார்விக்கில் ஜான் ப்ரோசன்ஸின் குழு காட்டியது. கொல்லத் தெரிந்த கை, இங்கே களை எடுக்கிறது.

புரோஜெஸ்டிரோன் காலத்தில் டி செல்களின் கொல்லும் திறன் அடங்குவதற்கு ஒரு விலையும் இருக்கலாம். கருமுட்டை வெளிவந்த பின் ஒரு வாரம், பத்து நாள், எச்.ஐ.வி. போன்ற கிருமிகள் எளிதில் நுழையக்கூடிய காலமாக இருக்கலாம் என்று வைராவின் குழு முன்வைத்தது. கருவுக்காகத் திறந்த கதவு என்று அதைச் சொல்லலாம்.

கரு வரவில்லை என்றால் என்ன நடக்கிறது என்பதை எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு அலுக்காது. கார்ப்பஸ் லூட்டியம் சுருங்குகிறது. கரு இருந்தால் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனை அனுப்பி அதைக் காப்பாற்றியிருக்கும். இப்போது காப்பாற்ற ஆளில்லை, புரோஜெஸ்டிரோன் சரிகிறது. அதுவரை அந்த ஹார்மோன் பிடித்து வைத்திருந்த அழற்சி அவிழ்கிறது. ஸ்ட்ரோமா செல்கள் ப்ரோஸ்டாகிளாண்டினையும் இன்டர்லூக்கின்-8 போன்ற சேதிப் புரதங்களையும் சுரக்கின்றன. நியூட்ரோஃபில்கள் இரத்தத்திலிருந்து ஓடி வருகின்றன, மேக்ரோஃபேஜ்கள் கூடுகின்றன, மாஸ்ட் செல்கள் குருணைகளைக் கொட்டுகின்றன. மாதவிடாய்க்குச் சற்று முன் உட்சுவரின் செல்களில் 40 சதவீதம் வரை வெள்ளணுக்களாக இருக்கும். இவை சுரக்கும் நொதிகள் செல்களைக் கட்டியிருக்கும் புரத வலையை அரிக்கின்றன. என்.கே. செல்களோ, ஊட்டி வளர்த்த சேதி நின்றதும் மடிகின்றன. மாதவிடாய் ஓர் அழற்சி நிகழ்ச்சி என்று காலின் ஃபின் 1986-இல் எழுதியது இப்போது பாடமாகிவிட்டது. அந்த நாட்களில் வயிற்றைப் பிசையும் வலிக்கு நாம் விழுங்கும் மெஃபனமிக் அமிலமும் ஐபுப்ரோஃபெனும் தடுப்பது இந்த ப்ரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத்தான். அதனால் அது சும்மா வலி மறக்கும் மாத்திரை இல்லை. வலி பிறக்கும் இடத்திலேயே கை வைக்கிறது. "பொறுத்துக்கோ" என்று பெண் பிள்ளைகளிடம் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜான் மார்க்கீ என்ற அமெரிக்கர் 1940-இல் ரீசஸ் குரங்குகளின் கண்ணுக்குள், கார்னியாவுக்குப் பின்னுள்ள முன்னறையில், அவற்றின் எண்டோமெட்ரியத் துண்டை வைத்து, அந்தத் தெளிந்த ஜன்னல் வழியே மாதவிடாயை நேரில் பார்த்தார். ஹார்மோன் சரிந்ததும் திசு சுருங்குவதையும், சுருள் தமனிகள் இறுகுவதையும், பிறகு இரத்தம் கசிவதையும் பார்த்தார். கருப்பையிலிருந்து பிரிந்து கண்ணுக்குள் இருந்த துண்டுகூட ஹார்மோனின் சேதியைத் தவறவிடவில்லை. குரங்குகளில் பிற்பாடு இன்னொன்றும் தெரிந்தது. புரோஜெஸ்டிரோனை நிறுத்தி ஒன்றரை நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதைத் தாண்டினால் கொடுத்தும் பயனில்லை. எதிர்ப்புச் செல்கள் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டன, இனி ஹார்மோன் சொன்னாலும் நிற்காது.

உதிர்ந்த இடம் தழும்பில்லாமல் ஆறுகிறது. தோலில் ஒரு சின்ன வெட்டே தழும்பாகிறது. கருப்பையோ வாழ்நாளில் சுமார் 400 முறை புண்ணாகி, புதிதாகிறது. இன்னும் இரத்தம் போய்க்கொண்டிருக்கும்போதே பக்கத்து இடத்தில் மேல்தோல் மூடத் தொடங்கிவிடும், ஈஸ்ட்ரோஜன் ஏறுவதற்கு முன்பே. மேக்ரோஃபேஜ்கள் குப்பையை அள்ளிக்கொண்டே சீரமைக்கவும் உதவுகின்றன. எண்டோமெட்ரியோசிஸில் இந்த ஒழுங்கு குலைகிறது. கருப்பைக்கு வெளியே ஒட்டிய உட்சுவர்த் திசு தானே ஈஸ்ட்ரோஜனைத் தயாரித்துக்கொள்கிறது, புரோஜெஸ்டிரோன் சொன்னால் கேட்பதில்லை, சுற்றியுள்ள மேக்ரோஃபேஜ்கள் அதை அகற்றாமல் வளரவிடுகின்றன. உலகில் சுமார் 19 கோடிப் பேருக்கு இந்த நோய். அதற்குத் தனியாகவே எழுத வேண்டும்.

சிகிச்சைக்கு வருகிறேன், ஏனென்றால் அஞ்சல் எழுதிக் கேட்கிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். மீண்டும் மீண்டும் கரு பதியாமல் போன 715 பெண்களுக்கு ப்ரெட்னிசோன் ஸ்டீராய்டோ மருந்தில்லாத வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்த சீன ஆய்வு 2023-இல் வந்தது. குழந்தை பிறந்தது ஸ்டீராய்டு குழுவில் 37.8 சதவீதம், வெறும் மாத்திரைக் குழுவில் 38.8. தொடர் கருச்சிதைவுக்கான ஐரோப்பிய வழிகாட்டியும், என்.கே. செல் பரிசோதனையைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்கிறது. புரோஜெஸ்டிரோனின் கதை நுணுக்கமானது. தொடர் கருச்சிதைவு கண்ட 836 பெண்களிடம் செய்து 2015-இல் வெளியான ஆய்வில் பெரிய வித்தியாசமில்லை. கர்ப்பத் தொடக்கத்தில் இரத்தம் கண்ட 4,153 பெண்களிடம் 2019-இல் வெளியான ஆய்வில், குழந்தை பிறந்தது மொத்தத்தில் புரோஜெஸ்டிரோன் குழுவில் 75 சதவீதம், வெறும் மாத்திரைக் குழுவில் 72. ஆனால் முன்பு மூன்று அல்லது அதற்கு மேல் கருச்சிதைவு கண்டவர்களை மட்டும் எடுத்தால் புரோஜெஸ்டிரோன் குழுவில் 72, மற்றதில் 57. இரத்தக்கசிவும் முன்கருச்சிதைவும் சேர்ந்து இருந்தால் டாக்டரிடம் இதைக் கேட்பது நியாயம். ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருப்பவர்கள் நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.

இன்னொன்றையும் யாரும் எனக்கு அப்போது சொல்லவில்லை. முதல் மூன்று மாதக் கருச்சிதைவுகளில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் எண்ணிக்கையில் வந்த பிசகு. அம்மாவின் எதிர்ப்புச் செல்களுக்கு அதில் பங்கே இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனதும் பீரோவின் அடித்தட்டிலிருந்து என் பழைய ஃபைலை எடுத்தேன். ரிப்போர்ட் மடிப்பில் கிழிந்திருந்தது. மாதிரி: இரத்தம். எடுத்த தேதி இருந்தது, எடுத்த நேரம்கூட இருந்தது. கடைசி மாதவிடாய்த் தேதிக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. அந்த வருஷத்து டைரியைத் தேடி எடுத்து, விரல் விட்டு எண்ணினேன். 9-ஆம் நாள்.